“வீட்டுக்குப் போகணும்” என்று சொந்த வீட்டு வாசலில் நிற்கும் அப்பாவிடம் என்ன சொல்வது?

நீங்கள் எழுதியிருப்பது இது. அப்பாவுக்கு 78 வயது. அல்சைமர் என்று தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் மாலை ஐந்து மணி வாக்கில் ஒரு பையில் துண்டு, மூக்குக்கண்ணாடி, பழைய சாவிக்கொத்து எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, “நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும்” என்கிறார். அது அவர் முப்பது ஆண்டுகளாக இருக்கும் வீட்டின் வாசல். “இதுதான் நம் வீடு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?” என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் அவரிடம் கத்திவிட்டீர்கள், கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டீர்கள், அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. இந்த நோயோடு நன்றாக வாழலாம் என்று சொல்கிறார்களே, அது சும்மா ஆறுதலுக்குத்தானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்தக் கடைசி வரிகளைத்தான் என்று எனக்குப் பட்டது. அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் செவிலியர். முதியோர் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் மறதி நோய் உள்ளவர்களோடு. பிறகு என் அம்மாவுக்கே அது வந்தது. ஏழு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். நான் மருத்துவர் இல்லை, உங்கள் அப்பாவை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் எது உறுதியாகத் தெரிந்தது, எது என் அனுபவம் மட்டும், எதில் விவரம் தெரிந்தவர்களே ஒத்துப்போவதில்லை என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

உறுதியானதில் தொடங்குகிறேன். அவருக்குப் புரியவைக்க முடியாது. அல்சைமரில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி. புதிதாகக் கேட்டதைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. நீங்கள் வீட்டுப் பத்திரத்தையே எடுத்துக் காட்டினாலும் அந்தச் செய்தி உள்ளே போய்த் தங்க இடமில்லை. பத்து நிமிடத்தில் நீங்கள் சொன்னது போய்விடும், சொன்ன விதம் போகாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அல்சைமர் உள்ள 17 பேருக்கும் இல்லாத 17 பேருக்கும் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். சிறிது நேரம் கழித்துக் கேட்டால், நோய் உள்ளவர்களுக்குப் பார்த்தது பெரும்பாலும் நினைவில்லை. ஆனால் சோகம் அரை மணி நேரம் வரை நீடித்தது. ஏன் என்றே தெரியாமல் வருத்தமாக இருந்தார்கள். அது சிறிய ஆய்வுதான். ஆனால் வார்டில் நான் தினமும் பார்த்ததும் அதுவே. காலையில் குளிப்பாட்டும்போது யாராவது அவசரப்படுத்தியிருந்தால், குளித்ததே மறந்துபோன பிறகும், மதியம் வரை அவர் யாரையும் பக்கத்தில் விடமாட்டார்.

இது உங்களைக் குத்திக்காட்டச் சொன்னது இல்லை. கோபம் தங்கும் என்றால் இதமும் தங்கும். காலையில் பத்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொடுத்தீர்கள் என்றால், நீங்கள் உட்கார்ந்தது அவருக்கு மறந்துபோகும். ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். உங்கள் உழைப்பு அவர் நினைவில் நிற்காததால் அது வீண் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து, அந்த “வீடு” என்ற சொல். நான் பார்த்துக்கொண்டவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கேட்டிருப்பார்கள். ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்து அங்கேயே முதுமை அடைந்தவர்கள்கூடக் கேட்டார்கள். சிலருக்கு அது சின்ன வயதில் இருந்த வீடு. பழைய நினைவுகள் மெதுவாகத்தான் அழிகின்றன, அதனால் இன்றைய வீடு அந்நியமாகி அன்றைய வீடு மட்டும் துலக்கமாகத் தெரிகிறது. வேறு சிலருக்கு அது இடமே இல்லை, எல்லாம் தெரிந்தவராக, நிம்மதியாக இருந்த ஒரு காலம். 1901-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைப் பரிசோதித்தார். நோய்க்கு இன்றுள்ள பெயர் அந்த மருத்துவருடையது. தன் பெயரைக்கூட எழுதி முடிக்கத் திணறிய அந்தப் பெண், தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்னதை அவர் குறித்துவைத்தார். பயிற்சிக் காலத்தில் எனக்கு அது தேர்வுக்குப் படித்த ஒரு செய்தி. பல ஆண்டுகள் கழித்து, பையோடு வாசலில் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து, இவர்களும் அதையேதான் வேறு சொல்லில் சொல்கிறார்கள் என்று தோன்றியது. இது என் எண்ணம் மட்டுமே, அளந்து காட்ட முடியாது.

ஏன் மாலையில் மட்டும்? உடலின் பகல் இரவுக் கணக்கை நடத்தும் மூளைப் பகுதியும் இந்த நோயில் பழுதாகிறது. கூடவே, பிடிபடாத உலகத்தோடு பகல் முழுக்க மல்லுக்கட்டிய களைப்பு. வெளிச்சம் மங்கி நிழல்கள் நீளும் நேரம். வீட்டில் ஆட்கள் வருவதும் போவதுமாக இரைச்சல் கூடும் நேரம். இதில் எது எவ்வளவு என்று யாரும் அறுதியிட்டுச் சொன்னதில்லை, ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே நீங்கள்தான் துப்பறிய வேண்டும். எங்கள் வார்டில் ஒருவர் சரியாக ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். விசாரித்தால், நாற்பது ஆண்டுகள் அதே நேரத்துக்கு வேலை முடிந்து கிளம்பியவர். கால்கள் மறக்கவில்லை. மேசையில் சில காகிதங்களை அடுக்கித் தந்து, “இன்னைக்கு வேலை முடிஞ்சது சார், நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் முகம் தெளிந்து உட்காருவார். இன்னொரு அம்மா வாரக்கணக்கில் “வீட்டுக்கு, வீட்டுக்கு” என்று அழுதார். அவருக்கு நாள்கணக்கில் மலச்சிக்கல் இருந்தது. அதைச் சரிசெய்ததும் அழுகை பாதியாகக் குறைந்தது. வலிக்கிறது, பசிக்கிறது, சிறுநீர் முட்டுகிறது என்று சொல்லத் தெரியாதபோது “வீட்டுக்குப் போகணும்” என்பதுதான் வாயில் வருகிறது. ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்குமுன் என்ன நடந்தது, கடைசியாக எப்போது கழிவறைக்குப் போனார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், இரவு தூங்கினாரா. மருத்துவரிடம் போகும்போதும் அந்த நோட்டு உதவும்.

என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அவர் வீட்டைக் கேட்கவில்லை, தன் அம்மாவைக் கேட்டார். “எங்கம்மா காத்துக்கிட்டிருப்பாங்க.” நான் அத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவள், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள். ஆனாலும் களைத்துப்போன ஒரு மாலையில், “அம்மா, பாட்டி செத்து நாற்பது வருஷம் ஆச்சு” என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டவரைப் போல அவர் அழுதார். அரை மணி கழித்து அழுகைக்குக் காரணம் தெரியவில்லை, அழுகை மட்டும் ஓயவில்லை. அடுத்த முறை கேட்டபோது, “பாட்டி உனக்கு என்னம்மா செய்வாங்க?” என்று கேட்டேன். “தலை வாரிவிடுவாங்க” என்றார். சீப்பை எடுத்துவந்து வாரிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அதன்பிறகு பாட்டியைக் கேட்கவே இல்லை. நான் பொய்யும் சொல்லவில்லை, உண்மையை எடுத்து முகத்தில் அடிக்கவும் இல்லை.

பொய் சொல்லலாமா என்பதில் இந்தத் தொழிலில் இருப்பவர்களே ஒத்துப்போவதில்லை. ஒரு பொய்யும் கூடாது, அது நம்பிக்கையை அரித்துவிடும் என்பவர்கள் உண்டு. வலியைத் தடுக்கும் சின்னப் பொய்யில் தவறில்லை என்பவர்களும் உண்டு. சொல்வதை மறுக்காமல் அதன் உணர்ச்சியை ஏற்றுக்கொண்டு பேசும் முறை பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அது பலன் தருகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தார்கள். ஆக நான் சொல்வது அனுபவத்தில் கற்றது. முதலில் உணர்ச்சிக்குப் பதில் சொல்வேன், அதிலேயே முக்கால்வாசி அடங்கிவிடும். மிச்சத்துக்கு, வேறு வழியே இல்லாதபோது, அவர் உலகத்துக்குள் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன். ஆனால் தெளிவாக இருக்கும் வேளையில் அவரே உங்கள் கண்ணைப் பார்த்து “எனக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டால், அங்கே பொய் கூடாது. இரண்டு ஆண்டுகள் ஆனவருக்கு அப்படி வேளைகள் வரக்கூடும்.

சரி, நாளை ஐந்து மணிக்கு என்ன செய்வது? நாலரைக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுங்கள். டிவி ஓடினால் நிறுத்துங்கள். அவர் வாசலுக்கு வந்தால் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், முன்னால் வந்து அவர் பார்வை படும் இடத்தில் நில்லுங்கள். “இல்லப்பா” என்று தொடங்காதீர்கள். “கிளம்பிட்டீங்களாப்பா? அங்க யாரு இருக்காங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வர நாம் நினைப்பதைவிட அதிக நேரமாகும், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவர் சொல்லும் பெயரைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். அப்படியும் போகத்தான் வேண்டும் என்றால், நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடங்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி, “வந்துட்டோம்பா” என்று நீங்கள் கதவைத் திறந்தால், பல நாள் அதே வாசல் அவருக்கு வந்துசேர்ந்த வாசலாகிவிடும். எல்லா நாளும் ஆகாது. அவர் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும், அக்கம்பக்கத்தாருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். அவரைத் தனியாக உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் அவருக்கு வெளியே வர வழியிருக்காது. வாசலில் கறுப்பு மிதியடி போட்டால் தாண்டமாட்டார் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கறுப்பு விரிப்பு அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியக்கூடும் என்பது உண்மைதான். அதனாலேயே அது வேண்டாம் என்கிறேன். பயத்தைக் காட்டி ஒருவரை உள்ளே வைத்திருப்பது பராமரிப்பு ஆகாது.

ஒன்றில் மட்டும் தாமதிக்க வேண்டாம். இந்தப் பழக்கம் இரண்டு மூன்று நாளில் திடீரென்று மோசமானால், இல்லாததைப் பார்த்துப் பேசினால், அல்லது எழுப்பினாலும் மந்தமாகவே கிடந்தால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அல்சைமர் அப்படி இரவோடு இரவாகப் பாய்வதில்லை. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்து குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இப்படி ஏதாவது இருக்கும். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள டைஃபென்ஹைட்ரமின், சிறுநீர் அடக்கமுடியாததற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் போன்றவை குழப்பத்தைக் கூட்டும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாலைப் பரபரப்புக்கு மனநோய் மருந்து கேட்க நினைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவை இறப்பு அபாயத்தை ஏறக்குறைய 1.6 முதல் 1.7 மடங்காக்குகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரிக்கை விடுத்தது. லூயி பாடி என்ற வகை மறதி நோயாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அவருக்கோ மற்றவருக்கோ உயிராபத்து என்ற நிலையில் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அது மருத்துவரின் முடிவு. வாசலில் பையோடு நிற்பது அந்த நிலை இல்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. நன்றாக வாழலாம் என்பது வெறும் ஆறுதலா? அந்தச் சொற்களை நான் எளிதாகச் சொல்லமாட்டேன். இரவெல்லாம் விழித்திருந்தவரிடம் அதைச் சொன்னால் காயப்படுத்தும். இந்த நோய் குணமாவதில்லை. இருக்கும் மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கொஞ்சம் உதவும். 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் போன்ற புதிய மருந்துகள் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும். சரிவை ஓரளவு மெதுவாக்கும், போனதைத் திருப்பித் தராது, மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று கண்காணிக்க வேண்டும். இவ்வளவும் உண்மை. ஆனாலும் நன்றாக வாழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டாம் கிட்வுட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1990-களில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மனிதர் குலைந்துபோவதற்கு மூளையின் பழுது மட்டும் காரணமில்லை, சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதமும் சேர்ந்துதான். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர்போலப் பேசுவது, குழந்தைபோல நடத்துவது, அவரால் முடிந்ததையும் பிடுங்கி நாமே செய்வது. இதை என் வீட்டிலேயே கண்டேன். அம்மா துணி மடிப்பார். ஓரம் ஓரத்தோடு சேராது, கோணலாக இருக்கும். ஒருநாள் அவர் கண் முன்னாலேயே அதைப் பிரித்து நான் சரியாக மடித்தேன். அவர் கை அப்படியே நின்றது. அதன்பிறகு பத்து நாள் துணியைத் தொடவே இல்லை. மறுபடி நான்தான் மெல்ல மெல்லக் கூடையை அவர் மடியில் வைக்கத் தொடங்கினேன். கோணலாகவே அலமாரியில் அடுக்கினேன். கடைசிக்கு முந்தைய ஆண்டு வரை தினமும் மடித்தார், மடித்து முடித்ததும் உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். நன்றாக வாழ்வது என்று நான் சொல்வது அந்த மாதிரி முற்பகல்களை.

உங்கள் அப்பாவால் இன்னும் பேச முடிகிறது. அதனால் தெளிவான வேளை பார்த்து, பணத்துக்கு யார் பொறுப்பு, நோய் முற்றும்போது எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவரிடமே கேட்டு எழுதிவையுங்கள். இதை நான் அம்மாவிடம் தள்ளித் தள்ளிப் போட்டேன். கேட்கப் போனபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த முடிவுகளையெல்லாம் நானே எடுத்தேன், சரியாக எடுத்தேனா என்று இன்றும் யோசிக்கிறேன்.

கையைப் பிடித்து இழுத்தது பற்றி. அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். வயதானவர்களின் தோல் எளிதில் கிழியும், விழுந்தால் எலும்பு முறியும். ஆனால் அதை எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன். நானும் ஒருமுறை அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டேன், நான்கு விரலும் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது. அன்றே தம்பியைக் கூப்பிட்டு, “என்னால் தனியாக முடியவில்லை” என்று சொன்னேன். அதை முதல் ஆண்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் வேறு யாரைப் பற்றியும் ஒரு சொல் இல்லை, அதுதான் எனக்குக் கவலை. லண்டனில் குடும்பப் பராமரிப்பாளர்களுக்கு எட்டு அமர்வுகளில் இதைச் சமாளிக்கும் வழிகளைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். கற்றவர்களின் மனச்சோர்வு குறைந்தது, ஆறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பலன் தெரிந்தது. அப்படி ஏதாவது உங்களுக்குக் கிடைக்கிறதா என்று அப்பாவின் மருத்துவரிடமே கேளுங்கள். கிடைக்காவிட்டால், வாரத்தில் இரண்டு மாலை வேறு யாராவது அவரோடு இருக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஐந்து மணி தினமும் உங்கள் ஒருவர் தலையிலேயே விழக்கூடாது. கோபம் தலைக்கேறுகிறது என்று தெரிந்தால், அவர் விழாமல் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். கத்திவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். வார்த்தை மறந்துபோகும், அந்தக் குரல் அவரிடம் தங்கும்.

இன்னொன்று. அந்தப் பையை அவரிடமிருந்து வாங்கி ஒளித்துவைக்காதீர்கள். நாளை அவர் அதை எடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பழைய சாவிக்கொத்து எந்தப் பூட்டுக்கு உரியது என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் கேட்டுப் பாருங்கள்.